பாட்டும் பணப்பையும்

மேடையேறுமுன் ஓர் இளைஞர் என் கையிலே ஒரு துண்டுத்தாளைத் திணித்துவிட்டுக் கூட்டத்திலே மறைந்துவிட்டார். பிரித்துப் படித்தேன். "பீட்டில்ஸ் குழுவினர் பாடிய பாடல்களை அவர்கள் இயற்றவில்லையாம். இலண்டன் டாவிஸ்டாக் நிலையத்தின் ஏவலால் அடோர்னோ என்ற ஜெர்மன் தத்துவ அறிஞர் எழுதித் தந்தாராம். இளைஞர் உலகைக் கெடுக்க அரசுகள் செய்த சூழ்ச்சியாம். உண்மையா?" என்று கேட்டிருந்தார். பேச எண்ணி வந்த பொருளை ஒதுக்கி வைத்துவிட்டு, இதற்கே விடை கூற விழைகிறேன். ஏனெனில், நம் தோழர்கள் சிலரே இத்தகைய கதைகளை ஊர் ஊராகச் சுமந்து செல்வதைக் கண்டு கவலை கொண்டவன் நான்.

யார் அந்த அடோர்னோ? கேளிக்கை இசையைக் கேட்டாலே முகஞ்சுளித்தவர். ஜாஸ் இசையைச் சாடி 1936-லேயே கட்டுரை தீட்டியவர். பாகற்காயைத் தீண்டாதவர், ஊருக்கெல்லாம் பாகற்காய்க் குழம்பு வைத்தார் என்றால் நம்புவோமா? 1969 ஆகஸ்டில் அவர் மறைந்தார். பீட்டில்ஸ் நால்வரோ, குழு கலைந்த பின்னரும் தனித்தனியே பாட்டெழுதினர், இசைத்தட்டு வெளியிட்டனர். மறைந்தவர் மேலுலகிலிருந்து அஞ்சலிலே அனுப்பி வைத்தாரோ?

சிரிக்கிறீர்கள். சிரிப்பதோடு நின்றுவிட்டால், நாமும் ஏமாந்தவராவோம். பொய்க்கதை இருக்கிறது என்பதாலேயே உண்மைச் சூழ்ச்சி எதுவும் நடக்கவில்லை என்றாகிவிடுமா? நடந்தது! ஏடுகளில் வந்திருக்கிறது, நடத்தியவரே ஒப்புக்கொண்டும் இருக்கிறார்.

1949-இல் நியூயார்க் நகரிலே ஒரு மாநாடு. சோவியத்து நாட்டின் சார்பில் இசைமேதை ஷோஸ்டகோவிச் அனுப்பப்பட்டிருந்தார். அதற்கு முந்தைய ஆண்டுதான், அவருடைய இசை மக்களுக்கு ஒவ்வாதது என்று அந்நாட்டு ஆளுங்கட்சியின் மத்தியக் குழுவே கண்டித்திருந்தது. நபோகோவ் என்ற இசையமைப்பாளர் அவையிலே எழுந்தார். ஸ்ட்ராவின்ஸ்கி முதலானோரை உங்கள் நாட்டு ஏடுகள் இகழ்வதை ஏற்கிறீரா என்று கேட்டார். ஏற்கிறேன் என்றார் அந்த மேதை. வேறு என்ன கூற முடியும், பாவம்!

மறு ஆண்டு, 1950-இல், மேற்கு பெர்லினிலே பண்பாட்டு விடுதலைப் பேரவை என்றோர் அமைப்பு பிறந்தது. அதன் பொதுச் செயலாளராக அமர்ந்தவர் அதே நபோகோவ். 1952-இல் பாரிஸ் நகரிலே பேரவை ஒரு பெருங்கலைவிழா எடுத்தது. அமெரிக்காவின் பாஸ்டன் சிம்பொனி இசைக்குழு கடல் கடந்து வந்து ஸ்ட்ராவின்ஸ்கியின் இசையை முழங்கிற்று. அரங்கம் அதிர்ந்தது, ஏடுகள் புகழ்ந்தன. செலவுக்கு யார் பொறுப்பு? பார்ஃபீல்டு அறக்கட்டளை என்றனர். அறமாம், கட்டளையாம்! அந்த அறக்கட்டளையின் பின்னே நின்றது அமெரிக்க மத்திய உளவுத்துறை, சி.ஐ.ஏ.

அது இந்திய மண்ணையும் மறக்கவில்லை. 1951-இல் பம்பாயிலே மாநாடு; 1955 முதல் 'குவெஸ்ட்' என்ற ஏடு. இலண்டனில் 'என்கவுன்டர்'. 1966-இல் நியூயார்க் டைம்ஸ் திரையை விலக்கிற்று. 1967-இல், அந்தத் துறையிலே பணியாற்றிய டாம் பிரேடன் என்பார், பாஸ்டன் குழுவின் பயணத்துக்குப் பணம் தந்தோம், பேரவையிலும் 'என்கவுன்டர்' ஏட்டிலும் எங்கள் ஆட்கள் இருந்தனர் என்று எழுதியே விட்டார். வெட்கத்தோடா எழுதினார்? இல்லை, பெருமிதத்தோடு! 'என்கவுன்டர்' ஆசிரியராக இருந்த கவிஞர் ஸ்டீபன் ஸ்பெண்டர் அவ்வாண்டே விலகிச் சென்றார்.

இங்கே ஒன்றை உற்றுநோக்குங்கள். ஸ்ட்ராவின்ஸ்கியின் இசையிலே ஒரு சுரத்தையேனும் உளவுத்துறை மாற்றியதா? இல்லை. எந்தக் கலை அரங்கேற வேண்டும், எந்த ஏடு அச்சாக வேண்டும் என்று தேர்ந்தெடுத்து, பணப்பையைத் திறந்தது. கலைஞரை வாங்க வேண்டியதில்லை, மண்டபத்தை வாடகைக்கு எடுத்தால் போதும் என்பதை அறிந்திருந்தது.

ஜாஸ் இசையின் கதை வேறு. அது மறைவிலே நடந்ததன்று. அமெரிக்க வெளியுறவுத்துறை, 1956 முதல் கறுப்பினக் கலைஞர்களைப் பகிரங்கமாகவே நாடு நாடாக அனுப்பியது. சொந்த நாட்டிலே கறுப்பருக்குத் தனிப்பள்ளி, தனி இருக்கை. வெளிநாட்டிலே அவர்களே விடுதலையின் தூதுவர்! அந்தத் திட்டத்தில் 1958-இல் டேவ் புரூபெக் குழு நம் சென்னைக்கும் வந்தது. புரூபெக் வெள்ளையர், அவர் குழுவிலே வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்தே வாசித்தனர்.

அனுப்பப்பட்டவர் எல்லாரும் பொம்மைகளா? 1957-இல் லிட்டில் ராக் நகரப் பள்ளியின் வாயிலிலே கறுப்பினச் சிறுவர் சிறுமியர் தடுத்து நிறுத்தப்பட்டபோது, லூயி ஆம்ஸ்ட்ராங் பொங்கி எழுந்தார். குடியரசுத் தலைவரையே கடுஞ்சொல்லால் சாடினார். அரசுக்காக சோவியத்து நாடு செல்ல மாட்டேன் என்று மறுத்தார்.

அதே ஆம்ஸ்ட்ராங் 1960 அக்டோபரில் அரசின் ஏற்பாட்டிலே காங்கோ நாட்டின் தலைநகர் சென்றார். மக்கள் அவரைத் தோளிலே தூக்கிக் கொண்டாடினர். அதே நகரிலே, மக்கள் தேர்ந்தெடுத்த தலைமையமைச்சர் லுமும்பா வீட்டுக்குள்ளே அடைபட்டுக் கிடந்தார். சில வாரங்களுக்கு முன்புதான், லுமும்பாவைக் கொல்ல சி.ஐ.ஏ.வின் வேதியியலாளர் காட்லீப் நஞ்சு கொண்டு வந்து சேர்த்திருந்தார். அந்த நஞ்சு பயன்படவில்லை. ஆனால் 1961 சனவரி 17-இல் லுமும்பா சுட்டுக்கொல்லப்பட்டார். நஞ்சின் கதையை 1975-இல் அமெரிக்க செனட் குழுவே வெளிக்கொணர்ந்தது.

ஆம்ஸ்ட்ராங்குக்கு இவை தெரியுமா? தெரிந்தது என்று காட்ட ஒரு சான்றும் இல்லை. லிட்டில் ராக் குழந்தைகளுக்காகக் கொதித்த மனிதரை, சான்றின்றி உளவாளி என்று நாம் பழிப்போமானால், அவருடைய ஊதுகொம்பின் நிழலிலே ஒளிந்தவர்களுக்கு இன்னொரு திரையை நாமே நெய்து கொடுக்கிறோம். "எல்லாம் சூழ்ச்சி" என்று கூவுகிறவனைக் கண்டு சூழ்ச்சிக்காரன் அஞ்சுவதில்லை, தோழர்களே! நாளை உண்மையைச் சொல்ல ஒருவன் வந்தாலும், இவனும் அந்த அடோர்னோக் கூட்டத்தைச் சேர்ந்தவன்தான் என்று கைகாட்டித் தப்பித்துக்கொள்வான்.

துண்டுத்தாள் தந்த இளைஞருக்கு இன்னும் ஒன்று. காட்லீப்தான், மனிதரின் மனத்தை மருந்தால் அடக்க முயன்ற எம்.கே. அல்ட்ரா என்ற கொடுந்திட்டத்தையும் நடத்தியவர். 1953-இல் தொடங்கிய அத்திட்டத்தின் கோப்புகளை அழிக்குமாறு, 1973-இல் உளவுத்துறைத் தலைவர் ஹெல்ம்ஸ் ஆணையிட்டார். அழித்தனர். எனினும் 1977-இல் ஏறத்தாழ 20,000 தாள்கள் கிடைத்தன. எங்கே தெரியுமா? வரவு செலவுப் பதிவேடுகள் வைத்திருந்த கட்டடத்திலே! எல்லாவற்றையும் எரித்தவர்கள், கணக்குத் தாள்களை மறந்துவிட்டார்கள்.