நாளைக்கும் ஓட வேண்டும்

(தலைமன்னாருக்கு வந்திருந்த தோட்டக் குடும்பங்கள் மத்தியில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

மலையிலிருந்து இறங்கி நெடுந்தூரம் பயணம் செய்து இந்தக் கடற்கரைக்கு வந்திருக்கிறீர்கள். களைப்பாக இருப்பீர்கள். ஆகையால் நீட்டி முழக்காமல் ஒரேயொரு விஷயத்தை மட்டும் பேசலாம் என்று இருக்கிறோம். தோட்டங்களுக்கு நாங்கள் வரும்போதெல்லாம் இளைஞர்கள் எங்களிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஓட ஆரம்பிக்கிறோம். ரெண்டு கிழமை நல்லாத்தான் போகுது. அப்புறம் எப்படியோ விட்டுப் போகுது. விடாம ஓடுறதுக்கும், இன்னும் நல்லா ஓடுறதுக்கும் என்ன வழி?" என்று கேட்கிறார்கள். பதக்கம் வாங்கப் போகிறவர்களுக்குப் பயிற்சியாளர் இருக்கிறார். வேலை முடிந்து, பாடசாலை முடிந்து, சொந்த விருப்பத்துக்காகவும் உடம்பு நலத்துக்காகவும் ஓடுகிறவர்களுக்குத்தான் நாங்கள் இன்று பேசுகிறோம்.

இந்தக் கேள்விக்கு நல்ல பதில் இந்த மன்னார் மண்ணிலேயே இருக்கிறது.

இந்தக் கரை உங்களுக்கு அந்நியமான இடமல்ல. 19-ம் நூற்றாண்டில் உங்கள் பாட்டன் பூட்டன்மார் தோணியில் வந்து மன்னார்க் கரைகளில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை வரை நடந்தார்கள். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பட்டினியாலும் வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். அது பிழைப்புத் தேடி நடந்த நடை. அதை விளையாட்டோடு ஒப்பிட நாங்கள் துணியமாட்டோம். ஆனால் அந்த நடையை நினைவுகூர்வதற்காகப் பின்னாளில் நடந்த நடைபயணம் ஒன்றிலிருந்து நாம் படிக்க வேண்டியது உண்டு.

மலையக மக்கள் இலங்கைக்கு வந்து 200 ஆண்டுகள் ஆனதை முன்னிட்டு, 2023 ஜூலை 28-ம் திகதி இதே தலைமன்னாரிலிருந்து ஒரு நடைபயணம் புறப்பட்டது. ஆகஸ்ட் 12-ம் திகதி மாத்தளையில் முடிந்தது. தூரம் சுமார் 252 கிலோமீற்றர், நாட்கள் 16. இந்த 252-ஐ 16-ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு நாளைக்கு முழுசாப் பதினாறு கிலோமீற்றர் கூட வரவில்லை. நடந்தவர்கள் நம்மைப் போன்ற சாதாரண மக்கள்தான். 252 கிலோமீற்றர் என்று கேட்டால் யாருக்கும் நெஞ்சு திக்கென்று இருக்கும். ஆனால் யாரும் 252 கிலோமீற்றரை நடப்பதில்லை. இன்றைய பங்கை நடக்கிறார்கள், சாப்பிடுகிறார்கள், தூங்குகிறார்கள், நாளைக் காலை மறுபடியும் எழும்புகிறார்கள். பக்கத்தில் நாலு பேர் நடந்து வருவதால் கால் வலித்தாலும் நிற்க மனம் வருவதில்லை.

நாங்கள் சொல்ல வந்ததும் இதுதான். இன்றைக்கு எவ்வளவு ஓடினோம் என்பதைவிட, நாளைக்கும் ஓடக்கூடிய மாதிரி ஓடினோமா என்பதே முக்கியம். இதை நாலு காரியமாகப் பிரித்துச் சொல்கிறோம்.

முதலாவது, மனம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். தாய்மார்களைக் கேட்கிறோம்: இன்றைக்குக் கொழுந்தெடுக்க மனசு இருக்கிறதா என்று பார்த்தா பெரட்டுக்குப் போகிறீர்கள்? "நேரமாச்சு, போறோம்" அவ்வளவுதான். ஓட்டத்துக்கும் அப்படியே நாளும் நேரமும் குறித்துவிடுங்கள். கிழமைக்கு மூன்று நாள் போதும். திங்கள், புதன், சனி என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு உடம்பு சோர்வாக இருந்தால் பத்து நிமிஷம் நடந்துவிட்டாவது திரும்புங்கள். ஓடப் போகிற பழக்கம் அறுந்து போகக்கூடாது. முடிந்தால் இரண்டு மூன்று பேராகச் சேருங்கள். லயத்து வாசலில் ஒருவர் காத்து நிற்கிறார் என்றால், போர்வைக்குள் சுருண்டு கிடக்க யாருக்கும் கூச்சமாகத்தான் இருக்கும்.

இரண்டாவது, மெதுவாக ஓடுங்கள். ஓட்டத்தைக் கைவிடுகிறவர்களில் பலர் முதல் கிழமையிலேயே வேகமாக ஓடி, மூச்சு வாங்கி, கால் வலித்து வெறுத்துப் போனவர்கள். சரியான வேகம் எது? ஓடிக்கொண்டே பக்கத்தில் வருகிறவரோடு கதைக்க முடிய வேண்டும். கதைக்க முடியாமல் இரைத்தால் அது உங்களுக்கு அதிக வேகம். குறைத்துக்கொள்ளுங்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஒரு நிமிஷம் ஓடி, இரண்டு நிமிஷம் நடக்க வேண்டும். இப்படி ஏழு தரம் செய்தால் 21 நிமிஷம். இரண்டு கிழமை இதையே செய்யுங்கள். அடுத்த இரண்டு கிழமை இரண்டு நிமிஷம் ஓட்டம், இரண்டு நிமிஷம் நடை. அதற்கடுத்த இரண்டு கிழமை நாலு நிமிஷம் ஓட்டம், ஒரு நிமிஷம் நடை. இப்படிப் போனால் பெரும்பாலானவர்களுக்கு இரண்டு மாதமளவில் 20 நிமிஷம் நிற்காமல் ஓட வரும். கஷ்டமாக இருந்தால் ஒரு படியிலேயே இன்னும் ஒரு கிழமை நில்லுங்கள். யாரும் பேர் வெட்டப் போவதில்லை. ஏன் இந்தப் பொறுமை என்றால், நெஞ்சும் மூச்சும் சில கிழமைகளில் பழகிவிடும், எலும்பும் தசைநாரும் பழகுவதற்கு மாதக்கணக்காகும். மூச்சு இடம் கொடுக்கிறது என்று தூரத்தைக் கூட்டுகிறவர்களுக்குத்தான் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வலிக்கத் தொடங்குகிறது.

மூன்றாவது, உங்கள் அளவை நீங்களே எழுதி வையுங்கள். அளவு என்றதும் எதிரேயுள்ள கடலைப் பாருங்கள். அக்கரையில் தனுஷ்கோடி. நீந்திப் போனால் ஏறக்குறைய 30 கிலோமீற்றர். வல்வெட்டித்துறையைச் சேர்ந்த ஆழிக்குமரன் ஆனந்தன் 1971-ம் ஆண்டு இங்கிருந்து அக்கரைக்கு நீந்தி, மறுபடியும் இக்கரைக்கே நீந்தி வந்தார். அவருக்கு எடுத்தது 51 மணித்தியாலம். அந்தச் சாதனை 50 வருஷம் நிலைத்து நின்றது. 2021 ஏப்ரலில் இலங்கை விமானப்படையைச் சேர்ந்த ரொஷான் அபேசுந்தர அதே கடலைப் போய்வர நீந்தி, 28 மணித்தியாலம் 19 நிமிஷத்தில் முடித்தார். முன்னவர் ஓர் அளவை விட்டுச் சென்றதால்தான் பின்னவருக்கு முந்துவதற்கு ஓர் இலக்கு இருந்தது.

நமக்கு முந்த வேண்டிய ஆள் யார்? போன மாதத்து நாம்தான். ஒரு பழைய கொப்பி எடுங்கள். திகதி, எத்தனை நிமிஷம் ஓடினீர்கள், உடம்பு எப்படி இருந்தது, இந்த மூன்றை மட்டும் எழுதுங்கள். பெரட்டுக் களத்திலிருந்து ஸ்டோர் வரைக்கும் என்பதுபோல ஒரே பாதையைத் தெரிந்தெடுத்து, மாதம் ஒரு தரம் மட்டும் நேரம் பாருங்கள். போன மாதம் 14 நிமிஷம், இந்த மாதம் பதின்மூன்றரை என்று வந்தால், அந்த அரை நிமிஷம் தருகிற சந்தோஷம் அடுத்த மாதம் முழுக்க உங்களை ஓட வைக்கும். அடுத்த டிவிசன் பையனோடு ஒப்பிடாதீர்கள். அவன் பாதை வேறு, மேடு வேறு. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேலே இருக்கிறது. இங்கே தலைமன்னாரில் கால் நனைகிற உயரத்தில் நிற்கிறோம். இரண்டு இடத்து நேரத்தையும் ஒரே தராசில் நிறுக்க முடியுமா?

"எங்களுக்கு வயசு போச்சு" என்று பின்னால் ஒரு அம்மா சிரிப்பது தெரிகிறது. அம்மா, கேளுங்கள். 2021 மார்ச் மாதம் தெலுங்கானாவைச் சேர்ந்த சியாமளா கோலி என்ற பெண்மணி தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு 13 மணித்தியாலம் 43 நிமிஷத்தில் நீந்திப் போனார். அப்போது அவர் ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். நீச்சல் பழகியதே நாற்பதைத் தாண்டிய பிறகுதான். ஓட்டத்துக்கே உதாரணம் வேண்டுமென்றால் வன்னியைக் கடந்து முல்லைத்தீவுக்குப் போவோம். முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அம்மா தமது 72-வது வயதில், 2023-ம் ஆண்டு பிலிப்பைன்சில் நடந்த மூத்தோர் தடகளப் போட்டியில், 1,500 மீற்றர் ஓட்டத்திலும் 5,000 மீற்றர் வேகநடையிலும் தங்கப் பதக்கம் வாங்கி வந்தார்.

ஆகவே பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். பத்து வயது வரை ஓடுகிற பெண் பிள்ளையைப் பிறகு "பொம்பளப் புள்ளைக்கு ஓட்டம் எதுக்கு?" என்று நிறுத்திவிடுகிறோம். அந்தப் பிள்ளையின் உடம்புக்கும் மனசுக்கும் தைரியத்துக்கும் அந்த ஓட்டம் வேண்டியிருக்கிறது. பாதை பற்றிப் பயமாக இருந்தால் மூன்று நாலு பிள்ளைகளைச் சேர்த்து அனுப்புங்கள். அல்லது நீங்களும் கூடப் போங்கள். பிள்ளை ஓடட்டும், நீங்கள் நடவுங்கள்.

நாலாவது, உடம்பு சொல்வதைக் கேளுங்கள். சற்று முன் சொன்ன ஆழிக்குமரன் ஆனந்தன் 1984-ம் ஆண்டு ஆங்கிலக் கால்வாயை நீந்த முயன்றபோது உயிரிழந்தார். அத்தனை பெரிய வீரருக்கும் உடம்புக்கு ஓர் எல்லை இருந்தது. நமக்கு இருக்காதா? தசை இழுத்துப் பிடிக்கிற அலுப்பு இரண்டு நாளில் போய்விடும், பயமில்லை. ஒரே இடத்தில் குத்துகிற வலி, ஓட ஓடக் கூடுகிற வலி வந்தால் நிறுத்திவிடுங்கள். நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ அன்றே வைத்தியரிடம் போக வேண்டும். சீனி வியாதி, பிரஷர் உள்ளவர்களும், கர்ப்பிணித் தாய்மாரும் தொடங்குமுன் வைத்தியரிடம் அல்லது மருத்துவிச்சி அம்மாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மலையில் நாள் முழுக்கக் கூடை சுமந்து ஏறி இறங்குகிறவர்களுக்கு அந்த வேலையே பாதிப் பயிற்சி. அதற்குமேல் வெறும் வயிற்றோடு ஓடி உடம்பை வருத்தாதீர்கள். கொழுந்து மிதமிஞ்சி வருகிற காலத்தில் ஓட்டத்தைப் பாதியாக்குங்கள். இறக்கத்தில் எட்டி எட்டிக் கால் வைத்தால் முழங்காலில் அடி விழும். சின்ன எட்டாக வைத்து இறங்குங்கள். சப்பாத்து விலை கூடியதாக இருக்க வேண்டியதில்லை, காலுக்குப் பொருந்தினால் போதும்.

சாப்பாடு பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இரத்தத்தில் இரும்புச் சத்துக் குறைந்தால் எவ்வளவு ஓடினாலும் முன்னேற்றம் தெரியாது, சீக்கிரம் இரைக்கும். சோற்றோடும் ரொட்டியோடும் சேர்த்துத் தேத்தண்ணி குடிப்பது நம் வழக்கம். தேயிலையில் உள்ள துவர்ப்புச் சத்து, கீரையிலும் பருப்பிலும் இருக்கிற இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் தடுக்கிறது. நாமே வளர்க்கிற தேயிலையைக் குறை சொல்லவில்லை. சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள் என்கிறோம். சாப்பாட்டோடு கொஞ்சம் தேசிக்காய்ப் புளி சேர்த்தால் இரும்பு இன்னும் நன்றாக உடம்பில் சேரும்.

நாளைக் காலை இந்தக் கடற்கரையில் ஓடிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. மலைக் குளிருக்குப் பழகிய உடம்பு இந்த வெக்கையில் சீக்கிரம் களைத்துவிடும். வெயில் ஏறுமுன் புறப்பட்டு, தண்ணீர் குடித்து, உங்கள் வழக்கமான தூரத்தில் பாதியோடு நிறுத்துங்கள். காய்ந்த மணலில் கால் புதையும், கெண்டைக்கால் பிடிக்கும். ஆகவே ஈர மணலில் ஓடுங்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்று இங்கே பலமாக அடிக்கும். தீவின் தெற்குக் கரையில் 2020-ல் திறக்கப்பட்ட தம்பபவனி காற்றாலைப் பண்ணையில் 30 காற்றாலைகளைச் சும்மா நிறுத்தவில்லை! காற்று அடிக்கிற நாளில் முதலில் எதிர்க்காற்றில் ஓடுங்கள். களைத்துத் திரும்பும்போது காற்றே உங்களைத் தள்ளிக்கொண்டு வரும்.

கடைசியாக ஒன்று. அடைமழை வரும், காய்ச்சல் வரும், பரீட்சை வரும், திருவிழா வரும். ஓட்டம் இடையில் நின்றுதான் போகும். அப்போது "எல்லாம் போச்சு" என்று கொப்பியை மூடிவிடாதீர்கள். ஒரு மாதம் விட்டுப்போனால், விட்ட தூரத்தில் பாதியிலிருந்து மறுபடியும் தொடங்குங்கள். முதல் தடவை இரண்டு மாதம் எடுத்தது இந்தத் தடவை அதைவிடச் சீக்கிரம் கைகூடும். ஒரு முறை பழகிய உடம்பு அதை முழுவதும் மறந்துவிடுவதில்லை.

ஊருக்குத் திரும்புகிற வழியிலேயே மூன்று விஷயத்தை முடிவு செய்துகொள்ளுங்கள்: எந்த நாள், எந்தப் பாதை, கூட வருகிறவர் யார். அடுத்த முறை நாங்கள் தோட்டத்துக்கு வரும்போது உங்கள் கொப்பியைக் காட்டுங்கள். நேரத்தைப் பார்க்குமுன் எத்தனை திகதி எழுதியிருக்கிறது என்றுதான் எண்ணிப் பார்ப்போம்.