பழங்கணனியிலிருந்து ஏடுகளை மீட்டல்



எழுதி வைத்ததை இழப்பது நம்மவர்க்குப் புதியதன்று. ஓலையைச் செல் அரித்தது. தாளைக் கறையான் தின்றது. எஞ்சியவற்றுட் பல வெள்ளத்தோடும் தீயோடும் போயின. கணனி வந்ததும் இவ்வச்சம் ஒழிந்தது என்றே நம்மிற் பலர் எண்ணினோம். அக்கணனியே ஒருநாட் காலையிற் கண்திறவாது கிடந்தால் என் செய்வது? இன்று அதுபற்றியே பேச முன்வந்துள்ளேன். நான் பொறியியல் கற்றவனல்லன், கலைப் பட்டதாரி, ஓர் அரசினர் பாடசாலையின் அதிபர். ஆயினும் இவ்விடயத்திற் பட்டு அறிந்தது சிறிது உண்டு.

எமது பாடசாலை அலுவலகத்தின் மூலையிற் பழைய மேசைக்கணனி ஒன்று இருந்தது. சேர்விடாப்புக்களைக் கறையான் பிடிக்கத் தொடங்கிய காலத்தில், ஓய்வுபெறும் தறுவாயில் இருந்த ஆசிரியர் ஒருவர், மாலை வேளைகளிற் தனியே இருந்து, அவற்றை வரிவரியாகத் தட்டெழுதி அதிற் சேர்த்து வைத்தார். பின்னர் இடாப்புக்கள் முற்றாக அழிந்தன. ஆசிரியரும் காலமானார். புதிய கணனிகள் வந்தபின் பழையதை யாரும் தொடவில்லை.

ஒருநாள் ஒரு பெண்மணி வந்தார். எட்டாம் வகுப்போடு இடம்பெயர்ந்து போனவர். தம் வயதை நிறுவுவதற்குப் பாடசாலை விடுகைப் பத்திரம் வேண்டும் என்றார். வேறு ஆவணம் எதுவும் அவரிடம் இல்லை. "இருங்கள் பிள்ளை, இதோ பார்த்துத் தருகிறேன்" என்று சொல்லிப் பழங்கணனியின் பொத்தானை அழுத்தினேன். ஒளியும் இல்லை, ஒலியும் இல்லை.

திருத்துநர் ஒருவரை அழைத்தோம். அவர் பார்த்துவிட்டு, "எல்லாவற்றையும் புதிதாகப் போட்டுத் தருகிறேன், ஆனால் உள்ளே இருப்பவை அழிந்துவிடும்" என்றார். நானும் அறியாமையாற் சரி என்று தலையசைக்க இருந்தேன். வாங்கில் இருந்த அப்பெண்மணியின் முகத்தைக் கண்டதும், நாளை வாருங்கள் என்று அவரை அனுப்பிவிட்டேன்.

அந்த ஒருநாட் தாமதமே எம்மைக் காத்தது. கணனி ஒரு தனிப்பொருளன்று. மின் வழங்கும் பெட்டி ஒன்று, தாய்ப்பலகை ஒன்று, தற்காலிக நினைவகம் ஒன்று, எழுத்தைத் தாங்கும் வன்தட்டு ஒன்று எனப் பல உறுப்புக்கள் கூடிய குடும்பம் அது. முதல் மூன்றும் செத்தாலும் வன்தட்டு பிழைத்திருக்கலாம். அலுமினியத்தாலோ கண்ணாடியாலோ செய்யப்பட்டுக் காந்தப் பூச்சுப் பூசிய தட்டுக்கள், நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல, அவற்றின்மேல் ஒரு சிறு தலை தொட்டும் தொடாமலும் மிதந்து எழுத்தைப் படிக்கின்றது. இடைவெளியோ மயிரிழையின் ஆயிரத்திலொரு பங்கிலும் குறைவு. மின்சாரம் நின்றாலும் காந்தப் பதிவு நிற்பதில்லை. ஐ.பி.எம். நிறுவனத்தார் 1956 ஆம் ஆண்டில் வெளியிட்ட முதல் வன்தட்டு, ஐம்பது தட்டுக்களைக் கொண்டு ஒரு தொன்னுக்கு மேல் நிறையுடையதாய் இருந்தும், ஐம்பது இலட்சம் எழுத்துக்களையே கொண்டது. இன்று உள்ளங்கையில் அடங்கும் தட்டு அதனைப் பல்லாயிரம் மடங்கு விஞ்சும். எழுத்து காந்தமாய்த் தட்டில் நிற்கிறது என்ற தத்துவம் மட்டும் மாறவில்லை.

ஆகவே, இயங்காத கணனியைக் கண்டால் முதலில் நோயின் இடத்தை அறிதல் வேண்டும். விளக்கே எரியாவிடின் குற்றம் பெரும்பாலும் மின்வழங்கியிலோ சுவர்ச் செருகியிலோ இருக்கும். விளக்கு எரிந்து, விசிறி சுழன்று, திரை மட்டும் இருண்டிருப்பின், நினைவக அட்டை தளர்ந்திருக்கலாம். அல்லது தாய்ப்பலகையிலுள்ள மின்தேக்கிகளின் தலை புடைத்திருக்கலாம். நாணயம் போன்ற சிறு மின்கலம் தீர்ந்தால், கணனி நாளையும் ஆண்டையும் மறந்து, ஏதோ ஒரு விசையை அழுத்தும்படி கேட்டு நின்றுவிடுவதும் உண்டு. அற்ப விலை மின்கலம் ஒன்றுக்காகக் கணனியையே கழித்துவிட்டோரை நான் அறிவேன்.

இவை யாவற்றினும் வேறானது வன்தட்டின் சொந்த நோய். உள்ளிருந்து "டிக், டிக்" என்று மீண்டும் மீண்டும் ஒலி வருமாயின், உடனே மின்னை நிறுத்துதல் வேண்டும். ஒவ்வொரு முயற்சியும் தட்டைக் கீறக்கூடும். தட்டிப் பார்ப்பதும் மூடியைத் திறந்து பார்ப்பதும் ஆகா. ஒரு தூசி புகுந்தாலே போதும். அத்தகைய தட்டை உரிய ஆய்வுகூடம் உள்ளவரிடமே கொடுத்தல் வேண்டும். செலவு பெரிது என்பதையும் சொல்லிவிடுகின்றேன்.

எமது தட்டில் அவ்வொலி இருக்கவில்லை. கணனித் தொழில் செய்யும் பழைய மாணவர் ஒருவர் மாலையில் வந்து அதனைக் கழற்றினார். நாற்பது முனைகளையுடைய அகன்ற நாடா பொருந்தும் பழைய வகை அது. இக்காலக் கணனிகளில் அதற்கு வாயிலே இல்லை. ஆனால் ஒரு முனையில் இப்பழைய தட்டும் மறு முனையில் யூ.எஸ்.பி.யும் பொருந்தும் இணைப்பி கடைகளிற் கிடைக்கிறது. மேசைக்கணனியின் பெரிய தட்டுக்குப் பன்னிரண்டு வோல்ட்டு மின்னும் வேண்டியிருப்பதால், தனி மின்வழங்கியோடு கூடியதாகவே அதனை வாங்கவேண்டும்.

நான் கோப்பைத் திறந்து பார்க்க ஆவலாய்ப் பாய்ந்தேன். அவர் என் கையைத் தடுத்தார். "சேர், இப்போது பார்க்க வேண்டாம். முதலில் முழுவதையும் பிரதி எடுப்போம், பிறகு பிரதியில் ஆறுதலாகப் பார்க்கலாம்" என்றார். பேனாத்தட்டிலிருந்து லினக்ஸ் முறைமையை இயக்கி, டிடிரெஸ்கியூ என்ற இலவசச் செயலியாற் பிரதி எடுத்தார். முதலில் எளிதாய் வாசிக்கக்கூடியவற்றை எல்லாம் எடுத்துவிட்டு, பழுதான இடங்களுக்குக் கடைசியிலேயே திரும்பிச் செல்லும் நற்பண்பு அதற்கு உண்டு. வினாத்தாளை அப்படி எழுதுங்கள் என்று மாணவருக்கு நான் ஆண்டுதோறும் சொல்வதுதான்! இரவு முழுவதும் வேலை நடந்தது. சில சிறு பகுதிகள் மட்டுமே வாசிக்க முடியாது போயின.

மறுநாட் காலை பிரதியைத் திறந்தோம். என் நெஞ்சு நின்றுவிட்டது. தமிழே இல்லை. பக்கம் பக்கமாக ஆங்கில எழுத்துக்களும் அவற்றிடையே அரைப்புள்ளிகளும். அழிந்தது என்றே எண்ணினேன். அவரோ சிரித்தார். "பாமினி, சேர்" என்றார்.

நேயர்கள் பலருக்கு இப்பெயர் தெரியும். பாமினி எழுத்துருவிற் தட்டெழுதியவை, கணனியின் உள்ளே ஆங்கில எழுத்துக்களாகவே கிடக்கின்றன. அரைப்புள்ளிதான் நமது மெய்யின் புள்ளி. எழுத்துரு இருந்தாற் தமிழாகத் தோன்றும். இல்லையேல் குழப்பமாகத் தோன்றும். ஒருங்குறியில் 1991 ஆம் ஆண்டின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்திருந்தும், நம் அலுவலகங்கள் நெடுங்காலம் பாமினியிலேயே எழுதிவந்தன. அவ்வெழுத்துருவை நிறுவியதும் ஆசிரியரின் வரிகள் ஒவ்வொன்றாய்த் தெளிந்தன. பின்னர் அவற்றை ஒருங்குறிக்கு மாற்றினோம். பாமினியிற் கொம்பு முதலிலும் மெய் பின்னரும் வரும். ஒருங்குறியில் உயிர்க்குறி மெய்க்குப் பின்னரே வரும். மாற்றும் செயலி இதனை அறியும். எனினும் பெயர்கள் பிழைபடலாம் என்று ஒவ்வொன்றையும் இருவர் ஒப்பிட்டுப் படித்தோம். பத்து நாட்கள் ஆயின. கோடையில் வேறு வேலையும் இருக்கவில்லை.

ஒன்றை இங்கே சொல்லவேண்டும். கடவுச்சொல் இருந்த அக்கணனியின் தட்டை வேறு கணனியில் இணைத்ததும் எல்லாம் வெளிப்பட்டன. பழங்கணனியை இரும்புக்கு விற்போர் பிள்ளைகளின் விபரங்களையும் சேர்த்தே விற்கின்றனர். புதிய மடிக்கணனிகள் பலவற்றில் தட்டு மறையாக்கப்பட்டிருக்கும். பிட்லாக்கர் முறையில் 48 இலக்க மீட்புத் திறவி இல்லையேல் உரியவராலும் திறக்க இயலாது. அதனைத் தாளில் எழுதி வைத்தல் நன்று.

அப்பெண்மணியின் வரி கிடைத்தது. பெயர், பிறந்த திகதி, தந்தையின் தொழில் கமம். குறிப்பு நிரலில், நூலகப் புத்தகம் ஒன்று திருப்பித் தரப்படவில்லை என்றும் இருந்தது. விடுகைப் பத்திரத்திற் கையொப்பமிட்டுக் கொடுத்தபோது அதனையும் படித்துக் காட்டினேன். "அதைக் கொண்டுதான் போனேன் சேர், வழியிலே போய்விட்டது" என்றார்.

பிரதிகள் இப்போது மூன்று இடங்களில் உள்ளன. ஆண்டுத் தொடக்கத்தில் அவற்றைத் திறந்து பார்க்கின்றோம். சென்ற முறை ஒன்று திறக்கவில்லை. மற்ற இரண்டும் திறந்தன. திறக்காததற்குப் பதிலாகப் புதியது ஒன்று எழுதி வைத்தோம்.