கெம்பஸ் விண்ணப்பமும் நம்ம பிள்ளைகளும்

(உயர்தர வகுப்பு மாணவர்களின் பெற்றோர் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



பிரட்டுக்களத்திலும் கொழுந்து மடுவத்திலும் எங்களைக் கண்டால் நீங்கள் கேட்பது ஒரே கேள்விதான். "ஐயா, புள்ள மூணு பாடமும் பாஸாயிருச்சு, கெம்பஸ் கிடைக்குமா?" பாஸானால் விண்ணப்பிக்கத் தகுதி வரும், அவ்வளவுதான். இடத்தைத் தீர்மானிப்பது இசட் புள்ளி. அந்தப் பாடத்தை எழுதிய எல்லாருடைய சராசரிக்கும் நமது பிள்ளை எவ்வளவு மேலே நிற்கிறது என்று காட்டும் கணக்கு அது. ஆகவே லேசான பாடம் என்று தேடி எடுப்பதில் லாபமில்லை. மற்றப் பிள்ளைகளுக்கும் அது லேசுதானே!

பெரும்பாலான பாடநெறிகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்ட அடிப்படைக்கும் போகிறது. மிச்சம் 5 வீதம் கல்வி வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி மூன்றும் அதில் இருக்கின்றன, கண்டி இல்லை.

இனி முக்கியமான விசயத்துக்கு வருவோம். விண்ணப்பத்தில் பாடநெறிகளை விருப்ப ஒழுங்கில் எழுதச் சொல்கிறார்கள். நம்ம பிள்ளைகள் பயந்துகொண்டு, "இது நிச்சயம் கிடைக்கும்" என்பதை முதலாவதாக எழுதிவிடுகிறார்கள். எங்களுக்குத் தெரிந்த ஒரு பிள்ளை அப்படித்தான் எழுதியது. வெட்டுப்புள்ளி வந்தபோது அது ஆசைப்பட்ட பாடநெறிக்கே புள்ளி போதுமாக இருந்தது. ஆனால் முதலாவது கிடைத்துவிட்டால் அதற்குக் கீழே எழுதியதைப் பார்க்கவே மாட்டார்கள். தாயும் தகப்பனும் எங்கள் காரியாலயத்தில் வந்து அழுதார்கள், ஒன்றும் செய்ய முடியவில்லை. மேலே ஆசைப்பட்டதை எழுதுவதால் கீழே உள்ளது பறிபோகாது. புள்ளி போதாவிட்டால் அடுத்ததைப் பார்ப்பார்கள். இதை வீட்டில் பிள்ளைக்குத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

விளையாட்டு, நடனச் சான்றிதழ்களைப் பற்றியும் கேட்கிறீர்கள். தேசிய மட்டத்தில் வென்றவர்களுக்கு விசேட அனுமதி இருக்கிறது, ஆனால் இடங்கள் மிகக் கொஞ்சம். அதை நம்பிப் படிப்பைக் கைவிட வேண்டாம். சில பாடநெறிகளுக்குத் தனியாக உளச்சார்புப் பரீட்சையும் உண்டு, அதற்கு வேறாக விண்ணப்பிக்க வேண்டும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் இதெல்லாம் தமிழிலேயே இருக்கிறது. யாரோ கடைச்சந்தியில் சொன்னதைக் கேட்காமல் அதை வாசியுங்கள்.

இன்னொன்று, பெயர். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் வேறு எழுத்து. நமது லயங்களில் இது இல்லாத வீடு குறைவு. பெறுபேறு வந்தபின் திருத்த ஓடினால் நாள் போதாது. மகாபொல உதவிப் பணத்துக்கு வருமான விபரமும் கேட்பார்கள், சம்பளத் துண்டுகளைக் கிழித்து எறியாதீர்கள்.

கெம்பஸ் கிடைக்காத பிள்ளைக்கு ஆசிரியர் பயிற்சி இருக்கிறது, பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி நமக்குக் கிட்டத்திலேயே உள்ளது.

பெயர் வித்தியாசம் உள்ளவர்கள் பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு, வேலை முடிந்த பின் பிள்ளையோடு எங்கள் காரியாலயத்துக்கு வாங்க. கிராம உத்தியோகத்தருக்குக் கொடுக்க வேண்டிய கடிதத்தை நாங்களே எழுதித் தருகிறோம்.