பட்டிவீரன்பட்டிப் பக்கத்துப் பெண்

நான் திண்டுக்கல்லில் படிக்கும் மாணவி. தேர்வில் மதிப்பெண் குறைந்தாலே எனக்கு மனசு விட்டுப்போகும். அப்போதெல்லாம் நிலமற்றவர்களுக்காகப் போராடிய கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனை நினைத்துக்கொள்வேன். எங்கள் பட்டிவீரன்பட்டிப் பக்கம் 1926-ல், நிலமில்லாத தலித் குடும்பத்தில் பிறந்தவர். கூலி வேலை பார்த்த அம்மாவின் பிள்ளை, டாக்டர் சௌந்தரத்தின் ஆதரவில் கல்லூரிவரை படித்தார்.

1968-ல் கீழ்வெண்மணி கிராமத்தில் தலித் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் நிலக்காரர்களின் ஆட்களால் எரிக்கப்பட்டதும் கணவரோடு அங்கே போனார். எரித்த ஊரிலும் அவர் கையில் எடுத்தது பேச்சைத்தான். 1981-ல் உழுபவர்களுக்கு நிலம் பெற்றுத்தர லாஃப்டி அமைப்பைத் தொடங்கினார்கள். நிலக்காரர்களை எதிரியாக நினைக்காமல், நேரில் உட்கார்ந்து நிலத்துக்கு விலை பேசினார். எதிராளிக்கும் மரியாதை, கொண்ட கொள்கையிலோ ஒரு அடி பின்வாங்கவில்லை. எனக்கு அதுதான் பெரிய துணிச்சலாகப் படுகிறது. வாங்கிய நிலம் கூலிக்காரப் பெண்கள் பெயரிலேயே பதிவானது, ஆளுக்கு ஒரு ஏக்கராக.