துரையின் வினாவும் கொழுந்துக்காரியின் விடையும்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது முதுமொழி. இக்குறையைப் போக்க, அமெரிக்காவிலுள்ள ஹார்வி மட் கல்லூரி 1963 ஆம் ஆண்டில் ஒரு முறையைத் தொடங்கிற்று. தொழில் நிறுவனமொன்று தன் இடர்ப்பாட்டைக் கொணரும். மாணாக்கர் சிறு குழுவாகக் கூடி, ஆசிரியர் துணையோடு தீர்வு தேடுவர்.

மலையகத்திற்கும் இம்முறை பொருந்துவதே. அட்டனை அடுத்த தோட்டமொன்று பல்கலைக்கழக மாணாக்கர் குழுவை அழைப்பதாகக் கொள்க. "தொழிற்சாலைக்கு வரும் கொழுந்து சிவந்து பழுதாகிறது, காரணம் யாது?" என்று துரை வினவுகிறார். தொழிற்சாலைக்குள் மட்டும் ஆராயும் குழு பாதி விடையோடு திரும்பும். மலையேறிப் பார்க்கும் குழுவோ, சாக்கில் திணித்த கொழுந்து கசங்கி வெம்மை கொள்வதையும், லொறி வருமட்டும் மடுவத்திற் கிடப்பதையும் காணும்.

ஒரு கிலோ தேயிலைக்கு ஏறத்தாழ நான்கரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். அதனைப் பறித்து, முதுகிற் சுமந்து, செங்குத்துச் சரிவில் இறங்குபவள் கொழுந்துக்காரி. சாக்கு ஏன் பிதுங்குகிறது, நிறுவை ஏன் பிந்துகிறது என்பவற்றை அவளினும் நன்கறிந்தவர் எவர்?

பொறியியல் மாணவன் பாதையையும், விவசாய மாணவி இலையையும், பொருளியல் மாணவன் செலவையும் ஆராயட்டும். ஆயின், மூவரும் அவள் சொல்லைச் செவிமடுத்தல் வேண்டும். இல்லையேல், பழுதுக்காக அவளது நிறையிற் கழிவு பிடிப்பதே எளிய தீர்வெனத் தோன்றும். கொழுந்து அப்போதும் சிவக்கும்; அவள் கூலியோ குறையும்.

வினாவைத் தொடுத்தவர் துரை. விடையைச் சுமப்பவள் அவள். இதனை உணர்ந்த குழுவே கல்வியின் பயனை மலைக்குக் கொணர்ந்த குழுவாகும்.