ஐப்பசியில் ஒரு பிறந்த நாள்

கல்லூரியில் பயிலும் மகளின் ஐப்பசிப் பிறந்த நாளுக்குப் புத்தாடையும் பாயசமும் மட்டும் போதா. குடும்பத்தோடு ஓர் உலாவும் வேண்டும். மட்டாஞ்சேரியில் வாழ்வோர் அதற்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. துலா மாத மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் இடியுடன் இறங்கும். ஆகவே காலையிலேயே புறப்படலாம். 1555-ஆம் ஆண்டளவில் போர்ச்சுகீசியர் கட்டிக் கொச்சி மன்னருக்கு அளித்த அரண்மனையில் இராமாயணச் சுவரோவியங்கள் உள்ளன. அருகிலேயே 1568-இல் எழுந்த யூதர் ஜெபாலயம். அதன் தரையெங்கும் சீனத்து நீலவண்ண ஓடுகள். சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வு நாள். பிறந்த நட்சத்திரம் அன்று வாய்த்தால் உலா மறுநாளாகட்டும்.

வழிகாட்டும் பொறுப்பை மகளிடமே விடுங்கள். பாட்டி முதல் தம்பி வரை அவள் சொல்லக் கேட்கட்டும். படிப்பு முடிந்ததும் வேலையோ திருமணமோ அவளை வெளியூருக்கு அழைத்துச் செல்லலாம். அதற்குமுன் அவள் சொல்லுக்குச் செவிகொடுப்பதே பெற்றோர் அளிக்கத்தக்க நற்பரிசு.