ஏடு காத்தல் நம் கடமை
(சங்கத்தின் வெள்ளி விழாவில் நூலகக் குழுவினர் நிகழ்த்திய உரை)



வெள்ளி விழாவில் செய்த பணிகளைச் சொல்லி மகிழ்வது வழக்கம். நாங்களோ செய்யாது விட்ட பணி ஒன்றை நினைவூட்ட எழுந்துள்ளோம். நம் மக்களின் வாழ்வையும் உழைப்பையும் எழுதிய பழைய இதழ்களைத் தேடிக் காப்பதே அப்பணி.

1893-இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்னும் இதழைத் தொடங்கினார். பிறர் இழிவாக வீசிய பெயரையே தலைநிமிர்ந்து ஏட்டின் பெயராக்கினார். 1900 வரை அது நடந்தது. ஆயினும் அவ்விதழ்களில் பெரும்பாலானவை இன்று நமக்குப் படிக்கக் கிடைக்கவில்லை.

1907 ஜூன் 19 அன்று அயோத்திதாசப் பண்டிதர் சென்னை இராயப்பேட்டையில் 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைத் தொடங்கினார். மறு ஆண்டு அது 'தமிழன்' ஆயிற்று. உழவும் கைத்தொழிலும் தாழ்ந்தால் நாடு தாழும் என்று அது வாதிட்டது. 1914-இல் பண்டிதர் மறைந்தார். பின்னர் நெடுங்காலம் அவரைப் பேசுவோர் அருகினர். எனினும் அன்பு பொன்னோவியம் போன்றோர் அவ்விதழ்களைப் பேணி வைத்திருந்தனர். அதன் பயனாக, ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' 1999-இல் பாளையங்கோட்டையிலிருந்து நூலாக வெளிவந்தது. அதன் பின்னரே அறிஞர் உலகம் பண்டிதரைப் பரவலாகக் கற்கத் தொடங்கியது.

ஓர் ஏடு மறைந்ததற்கும் மற்றோர் ஏடு மீண்டதற்கும் காரணம் எழுத்தின் வன்மை அன்று. எடுத்து வைத்த கைகளே.

நம் காரைக்காலுக்கு வருவோம். நெடுங்காட்டிலும் திருநள்ளாற்றிலும் நிரவியிலும் சேடை ஓட்டியவர்கள், அண்டை வெட்டியவர்கள், நாற்றுமுடி சுமந்து நட்டவர்கள் நம் முன்னோர். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்று அளந்து போட்டதும் அவர்களே. 1954 வரை இங்கே பிரெஞ்சு ஆட்சி. நிலத்துக்கும் வரிக்கும் கணக்கு எழுதப்பட்டது. நட்டவளின் பெயரை எந்தக் கணக்கில் தேடுவது? இன்று அறுவடை இயந்திரம் வந்துவிட்டது. கருக்கரிவாளோடு அச்சொற்களும் மறைகின்றன.

"அந்த இழிவுகளை ஏன் காக்க வேண்டும்?" என்று இளைஞர் சிலர் எம்மைக் கேட்டனர். நியாயமான கேள்வி. பிறப்பைக் காட்டி நம்மீது சுமத்திய தொழிலை நாம் போற்றவில்லை. அதனுள் நம்மவர் காட்டிய அறிவையும், அவர்களுக்கு மறுக்கப்பட்ட கூலியையும் சான்றோடு காக்கவே விழைகிறோம். சான்று இல்லாத உரிமையை உலகம் எளிதில் மறுத்துவிடும்.

ஆகவே, உங்கள் வீட்டுப் பரணில் பழைய இதழ், துண்டறிக்கை, சங்க மலர் எது இருந்தாலும் கொண்டு வாருங்கள். படம் எடுத்துக்கொண்டு மூலத்தை உங்களிடமே தருவோம். கிழிந்த தாளில் ஒட்டுநாடா ஒட்டாதீர்கள். நாளடைவில் அதன் பசையே தாளைக் கெடுக்கும். இது கடற்கரை ஊர். ஈரமும் உப்புக்காற்றும் கரையானும் தாளுக்குப் பகை. சுவரை ஒட்டியோ தரையிலோ வைக்க வேண்டா. ஒவ்வோர் இதழுக்கும் பெயர், ஆண்டு, மாதம், எண் ஆகியவற்றைத் தனித்தாளில் குறியுங்கள். இளைஞர்களே, பாட்டிமார் சொல்லும் வயற்சொற்களையும் ஊர்ப்பெயரோடு எழுதி வாருங்கள்.

நம் சங்கம் பொன்விழாக் காணும்போது, இன்றைய இம்மலரும் எவர் கையிலேனும் இருத்தல் வேண்டும். அந்தக் கை உங்களுடையதாக இருக்கட்டும்.